திரட்டேட்டில் விடுபட்ட இரு பக்கங்கள்



கடந்த வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் திரட்டேட்டைக் கொண்டுவந்து காட்டினான். சீனக் கடற்படையின் 054ஏ வகைப் பிரிகேட் போர்க்கப்பலின் படங்களை ஒட்டி, அதன் நீளம், வேகம், ஏவுகணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தான். அருகிலிருந்த ஆசிரியர் ஒருவர், "பள்ளிப் பிள்ளைக்குப் போர்க்கப்பல் எதற்கு?" என்று கடிந்துகொண்டார். என் கருத்து வேறு. அவன் அக்கப்பலைப் பற்றிப் படித்தது தவறன்று. பாதியில் நிறுத்தியதே குறை.

முதலில் அதன் வடிவமைப்பைப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டில் 054 என்னும் பெயரில் இரண்டே கப்பல்கள் சேவைக்கு வந்தன. அவற்றில் வான் தாக்குதலைத் தடுக்க, எட்டுக் குறுந்தூர ஏவுகணைகளைத் தாங்கிய ஒரே ஏவுகருவி இருந்தது. அது போதாது. ஆகவே அவ்வகையில் மூன்றாவது கப்பலைக் கட்டாமல், ஏறத்தாழ அதே உடலமைப்பில், தளத்துக்குள் செங்குத்தாகப் பொருத்திய 32 ஏவறைகளை வைத்து 054ஏ வகையை உருவாக்கினர். அதன் முதற்கப்பலான ஷூசோ 2008இல் சேவையில் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 134 மீட்டர். எடை ஏறத்தாழ 4,000 டன். நான்கு டீசல் இயந்திரங்கள்; மணிக்கு ஏறத்தாழ 27 கடல் மைல் வேகம். பெருவேகத்தை நாடாமல், நெடுந்தொலைவு செல்லும் சிக்கனத்தை நாடிய வடிவம் இது. சிறு சிறு திருத்தங்களோடு இவ்வகைக் கப்பல்கள் நாற்பதை எட்டின. சிவப்பு மையால் திருத்தினால் முகம் வாடும் நம் பிள்ளைகளுக்கு இதில் பாடம் உண்டு.

இனி, அக்கப்பல்கள் ஆற்றிய பணிகள். ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் பணியில் 2009 முதல் இவை ஈடுபட்டன. 2015 ஏப்ரலில் லின்யீ என்னும் கப்பல், போர் மூண்ட ஏமனின் ஏடன் துறைமுகத்திலிருந்து பத்து நாடுகளைச் சேர்ந்த 225 வெளிநாட்டினரை மீட்டது. அவர்களுள் சிங்கப்பூரர்களும் இருந்தனர்.

மற்றொரு பக்கமும் உண்டு. 2013 மார்ச்சு 26ஆம் நாள், சீனக் கடற்படை அணி ஒன்று சரவாக் கரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெத்திங் செருப்பாய்க்கு வந்தது. அவ்வணியில் யூலின், ஹெங்ஷுய் என்னும் இரண்டு 054ஏ கப்பல்கள் இருந்தன. நீருக்கடியில் மூழ்கிக் கிடக்கும் அத்திட்டைத் தன் தென்கோடி என்கிறது சீனா. நம் கடற்பகுதிக்குள் அடங்கியது என்கிறது மலேசியா. அங்கே சீன வீரர்கள் இறையாண்மையைக் காப்போம் என்று உறுதிமொழி எடுத்தனர்.

ஏடனுக்குச் சென்ற கப்பலும் சரவாக் அருகே வந்த கப்பல்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இரும்பைப் புகழ்வதிலும் பயனில்லை, பழிப்பதிலும் பயனில்லை. அதை அனுப்பியவர் யார், எதற்காக அனுப்பினார் என்று கேட்கப் பிள்ளை பழக வேண்டும்.

"பதினொரு வயதில் அரசியல் தேவையா?" என்று சிலர் கேட்கலாம். நாம் வாய் திறவாவிட்டாலும் கைப்பேசிக் காணொளிகள் அவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் பீரங்கி முழக்கமும் கொடியும் மட்டுமே உண்டு. ஏடன் துறைமுகத்தில் காத்திருந்த குடும்பங்கள் இல்லை, சரவாக் மீனவரின் கவலையும் இல்லை.

திரட்டேட்டைத் திருப்பித் தந்தபோது, இன்னும் இரண்டு பக்கங்கள் சேர்த்து வரும்படி மாணவனிடம் சொன்னேன். ஒன்றில் ஏடன், மற்றொன்றில் பெத்திங் செருப்பாய். இரண்டிலும் நிலப்படம் வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு திரட்டேடு இருக்கக்கூடும். அதை மூடி வைக்கச் சொல்லாதீர்கள். உடன் அமர்ந்து, விடுபட்ட பக்கங்களை நிரப்ப உதவுங்கள்.