மின்திருக்கையா, திமிர்த்திருக்கையா?

அண்மையில் மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்த ஆங்கிலக் குறிப்பொன்று ஆழ்கடலில் வாழும் சிறு திருக்கை ஒன்றைப் பற்றியது. பெந்தோபாட்டிஸ் மோர்ஸ்பியி என்பது அதன் விஞ்ஞானப் பெயர். 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் கடலளவைக் கப்பல் திருவிதாங்கூர்க் கரைக்கு அப்பால் 430 பாக ஆழத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ 786 மீட்டரிலிருந்து, வலையிட்டு எடுத்த இம்மீனை 1898-ஆம் ஆண்டில் ஆல்காக் என்னும் அறிஞர் விவரித்து வெளியிட்டார். உடல் கருநிறமானது, தசை தளர்ந்தது, கண்களோ பெயரளவில் இரு புள்ளிகளே. கதிரொளி எட்டாத அவ்விருளில் கண்ணுக்கு வேலை ஏது? ஆயினும் மின்னதிர்ச்சி உண்டாக்கும் உறுப்புகள் அதன் உடலின் இருமருங்கும் அமைந்துள்ளன.

இதற்குத் தமிழில் என்ன பெயர் இடுவது? 'குருட்டு மின்சாரத் திருக்கை' என்று எழுதிவிட்டால் போதும் என்றார் உடனிருந்த நண்பர். எனக்கு அது உடன்பாடன்று. இவ்வினத்தின் அதிர்ச்சி மின்சாரமே என்பதை ஜான் வால்ஷ் சோதனையால் மெய்ப்பித்தது 1772-இல்தான். அதற்கு நெடுங்காலம் முன்பே, தொட்ட கை மரத்துப்போவதைக் கண்ட மக்கள் அதனையே பெயராக்கிவிட்டனர். கிரேக்கரின் நார்க்கே, இலத்தீனரின் டார்ப்பீடோ இரண்டும் மரத்துப்போதலைக் குறிப்பனவே. கரையோரத்து இனமொன்றைத் தரங்கம்பாடி மீனைக் கொண்டு 1801-இல் விவரித்த நூல் அதற்குத் 'திம்லி' என்று பெயரிட்டது. அப்பெயரில் நம் 'திமிர்' என்னும் வேரே ஒலிக்கிறது என்பது என் துணிபு. விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி 1803-இல் நூல் வெளியிட்ட பேட்ரிக் ரஸ்ஸல் குறித்துக்கொண்ட பெயரும் 'தெமெரி' என்பதே. நான் வசிக்கும் கச்சிபௌலியில் கால் மரத்துப்போனால் தெலுங்கர் இன்றும் 'திம்மிரி' என்கிறார்கள்!

'திமிர்' என்றால் இக்காலத்தில் செருக்கல்லவா என்று நண்பர் நகைத்தார். அதனால் என்ன? திமிர்வாதம் என்னும் நோய்ப்பெயரைக் கேட்டு எவரும் நகைப்பதில்லையே.

சொல்லாராய்ச்சியில் எனக்குள்ள விருப்பத்தால் மட்டும் இதனை வற்புறுத்தவில்லை. சென்ற நூற்றாண்டின் இறுதி முதல் கொல்லத்துக்கு அப்பால் ஆழ்கடல் இறாலைத் தேடிச் செல்லும் இழுவலைகள், மீனவர் முன்பு கண்டிராத ஆழத்துச் சுறாக்களையும் திருக்கைகளையும் கரைக்குக் கொணர்கின்றன. விலைபோகாதவை கலப்பு மீனாகக் குவிக்கப்பட்டு மீன்தூள் ஆலைக்குச் சென்றுவிடுகின்றன. குவியலில் கிடப்பது இன்னதென்று சொல்ல வலைஞரிடமும் சொல் இல்லை, கணக்கெழுதுவோரிடமும் இல்லை. குட்டியீனும் இவ்வினங்கள் குறைந்துபோயினும் ஏட்டில் அதன் சுவடு தெரியாது.

ஆகவே 'குருட்டுத் திமிர்த்திருக்கை' என்று நான் எழுதியுள்ளேன். இலத்தீன் பெயரையும் தமிழெழுத்தில் அருகே வைத்துள்ளேன். வலைஞர்களிடம் இதனினும் நல்ல பெயர் வழங்குமாயின் என் சொல்லை அடித்துவிட்டு அதனையே அச்சிடலாம். மீன்பிடித் துறைமுகங்களில் நிரப்பப்படும் படிவங்களிலும், படத்தோடு, அப்பெயருக்கு ஒரு வரி ஒதுக்கவேண்டும்.