மடிக்கணினி மெதுவானால் முதலில் வன்தட்டைப் பாருங்கள்

"சார், பையனோட லேப்டாப் ரொம்ப மெதுவா போகுது. கடையில கேட்டா புதுசு வாங்கிடுங்கன்னு சொல்றாங்க." படிவம் 4, 5 மாணவர்களின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. அந்தக் கணினிகளில் பல, 2020, 2021ஆம் ஆண்டுகளில் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வீட்டிலிருந்து கற்பதற்காக அவசரமாக வாங்கப்பட்டவை. அக்காள் படித்து முடித்து, அண்ணனுக்குப் போய், இப்போது கடைக்குட்டியின் கையில் இருக்கும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் ஓடும் வீட்டில் புதிய மடிக்கணினி என்பது ஒரு மாத உழைப்பு, இல்லாவிட்டால் தவணைக் கடன்.

எது மெதுவாகியிருக்கிறது என்று பார்க்காமலேயே புதியது வாங்கச் சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவதைப் போன்றது. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறேன்.

கணினிக்கு நம்மைப் போல் மூட்டுவலி வருவதில்லை. அதன் மூளையான பிராசஸர், வாங்கிய அன்று ஒரு கணக்கை எவ்வளவு வேகத்தில் போட்டதோ, பத்து ஆண்டு கழித்தும் அதே வேகத்தில் போடக்கூடியது. தடுமாறுவது பெரும்பாலும் வேறு இடத்தில்.

பழைய மடிக்கணினிகளில் தகவல்களைச் சேமிக்கும் வன்தட்டு, உண்மையிலேயே சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5,400 சுற்று என்பது வழக்கமான வேகம். அதாவது நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிநொடி. தேவையான தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, 5.5 மில்லிநொடி. அந்த முனையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர மேலும் பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி. கூட்டிப் பாருங்கள்: சிதறிக் கிடக்கும் தகவல்களை நொடிக்கு அறுபது முறைதான் அதனால் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. பிராசஸர் கைகட்டி நிற்கிறது. நாம் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பில் சுழலும் பாகமே இல்லை. அதே தகவலைச் சுமார் 0.1 மில்லிநொடியில் கொடுத்துவிடும். நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. 2.5 அங்குல எஸ்.எஸ்.டி., பழைய வன்தட்டு இருந்த அதே இடத்தில் பொருந்தும். புதிய கணினியின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். லோ யாட் பிளாசாவுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

உங்கள் கணினியில் குற்றவாளி யார் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்தில் 'டிஸ்க்' 100 விழுக்காட்டில் நின்று, 'சிபியு' பத்து இருபதில் இருந்தால் வன்தட்டுதான் காரணம். 'மெமரி' நிரம்பியிருந்தால் ரேம் போதவில்லை. ரேம் என்பது படிக்கும் மேசை. வன்தட்டு புத்தக அலமாரி. மேசை சிறியதென்றால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுந்து அலமாரிக்கு நடக்க வேண்டும். 4 ஜிபி ரேமில் பத்து இணையப் பக்கங்களைத் திறந்து வைத்தால் நடப்பது இதுதான். 8 ஜிபியாக உயர்த்தினால் பள்ளி வேலைக்குப் போதும். அதே டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், கணினியோடு சேர்ந்து விழித்துக்கொள்ளும் தேவையற்ற மென்பொருள்களை நிறுத்தி வையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

வெப்பம் இன்னொன்று. விசிறியில் தூசி அடைத்து, பிராசஸர் மேல் பூசிய வெப்பப் பசை காய்ந்துவிட்டால், சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்தினால் கேட்கவே வேண்டாம். ஒரே 'கிளிக்'கில் வேகப்படுத்தித் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். அவை இருக்கிற ரேமையும் கொஞ்சம் தின்னும்.

வேகம் திரும்பினாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் புதிய தலைமுறைப் பிராசஸரையும் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். நல்ல நிலையில் ஓடும் கணினிகளை இந்த நிபந்தனை ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பாதுகாப்பில்லாத இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கவும் நான் சொல்லமாட்டேன். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இங்கே கைகொடுக்கும். கூகள் கிளாஸ்ரூம் போன்றவை இணைய உலாவியிலேயே ஓடுவதால் மாணவனுக்கு அதிக வேறுபாடு தெரியாது. விண்டோஸுக்கென்றே உள்ள மென்பொருள் கட்டாயம் வேண்டுமென்றால் அது வேறு கணக்கு.

எல்லாக் கணினியையும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மலிவு விலைக் கணினிகள் சிலவற்றில் ரேமும் சேமிப்பும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். எதையும் மாற்ற முடியாது. மலிவாக வாங்கியவரே சீக்கிரம் மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது. என் கோபமெல்லாம் இங்கேதான். பிரான்சில் 2021 முதல் மடிக்கணினிகளுக்குப் பழுதுபார்க்கும் வசதியைக் காட்டும், பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணைக் கடையிலேயே அறிவிக்க வேண்டும். இங்கே அத்தகைய மதிப்பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆகவே, அடுத்த முறை வாங்கும்போது நிறத்தையும் இலவசப் பையையும் கேட்பதற்கு முன், "ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் பிறகு மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள்.

2022ஆம் ஆண்டில் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. நம் நாட்டுச் சட்டத்தில் இது எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவு. வீட்டுக் குப்பையோடு போடும் பொருள் அல்ல.

வன்தட்டை மாற்ற முடிவு செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக் கோப்புகளையும் படங்களையும் முதலில் வேறோர் இடத்தில் நகலெடுங்கள். அடிப்பகுதி உப்பி, மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். மின்னேற்றாமல், திறக்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள். எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த வேலையைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.