எவருடைய வலம்?

உடற்கூற்றியலின் திசைச்சொற்களைத் தமிழில் துல்லியமாகச் சொல்ல இயலாது என்றொரு தரப்பு உண்டு. மருத்துவர்கள் அப்படிச் சொன்னால், அவர்கள் பயின்ற மொழி ஆங்கிலம் என்று விட்டுவிடலாம். தமிழ் இலக்கியம் கற்றவர்களும் அதையே ஒப்பிக்கும்போது மறுத்தாக வேண்டியிருக்கிறது.

முதலில் வலமும் இடமும். உடற்கூற்று நூலில் வலம் என்பது படத்தைப் பார்ப்பவரின் வலம் அன்று. படத்திலுள்ள உடலின் வலம். புதிய மாணவர்கள் இடறும் விதி இது. திருவண்ணாமலையில் எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதை அறிவார். கார்த்திகைத் தீபத்தன்று அர்த்தநாரீசுவரர் வெளிவரும் சில நிமிடங்களில் அம்மை நம் வலக்கைப் பக்கமாகவே தெரிகிறாள். ஆயினும் அவள் பெற்றது இடப்பாகம் என்பதில் எவருக்கும் குழப்பமில்லை. ரமணாசிரமத்தைக் கடந்து கிரிவலம் செல்பவருக்கு, சுமார் 14 கிலோமீட்டரும் மலை வலப்பக்கமே. அந்த வலம் நடப்பவரின் உடலுக்குரியது. ஆன்மிக இருதயம் மார்பின் வலப்புறத்தில் என்றார் ரமணர். இரத்தம் இறைக்கும் உறுப்பை அவர் சொல்லவில்லை. அக்கூற்றை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். எப்பக்கம் என்பதில் மட்டும் ஐயமில்லை.

வலம் என்பது 'தட்சிணம்' என்பதன் மொழிபெயர்ப்பே என்பது அடுத்த வாதம். தட்சிணமும் இலத்தீனின் 'டெக்ஸ்டர்' என்பதும் ஒரே வேரின. வலமோ 'வல்' என்னும் நம் வேரிலிருந்து வந்தது. வலிமையும் வெற்றியும் அதன் பிற பொருள்கள். வலுவான கையை வைத்துப் பக்கத்துக்குப் பெயரிடுவது எந்த ஒரு மொழிக்கும் தனியுரிமை அன்று. மேலும், கிழக்கு நோக்கி நிற்பவனின் வலப்பக்கம் என்பதால் வடமொழியில் தெற்கு தட்சிணம் ஆயிற்று. தமிழோ நிலத்தின் தாழ்வையும் உயர்வையும் கொண்டு கிழக்கு, மேற்கு என்றது. நாம் தெற்கை வலம் என்பதில்லை. இதில் மொழிபெயர்ப்பு எங்கே இருக்கிறது?

இன்னொரு சான்று. பாதத்தின் மேற்பரப்பை மருத்துவம் 'டார்சம்' என்கிறது. இலத்தீனில் அதற்கு முதுகு என்று பொருள். மேலே இருப்பது எப்படி முதுகாகும் என்று மாணவன் விழிக்கிறான். நமக்கோ புறங்கால், உள்ளங்கால், புறங்கை, உள்ளங்கை. கையை எப்படித் திருப்பினாலும் புறங்கை புறங்கையே. துல்லியம் என்பது வேறென்ன?

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழில் கொண்டுவந்தார். அன்று இயன்றது இன்று இயலாது என்பது மொழியின் குறையன்று, நம் சோம்பல். அந்தச் சோம்பலின் விலையைக் கொடுப்பவர், எந்தப் பக்கத்தில் கத்தி படும் என்பதைத் தன் மொழியில் படித்தறிய முடியாமல் ஒப்புதல் தாளில் கைநாட்டு வைக்கும் நோயாளி.

சொல் இல்லை என்பவர்கள் முதலில் தங்கள் புறங்கையைப் பார்க்கட்டும்.