சாக்கடைக்கும் கடைமடை உண்டு

2025 செப்டம்பர் 23ஆம் நாள் விடியுமுன் கொட்டிய மழையைக் கொல்கத்தாவில் வாழும் எந்தக் குடும்பமும் எளிதில் மறந்துவிடாது. சில மணி நேரத்தில் தெருக்கள் ஆறாயின. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் மாண்டனர். பிழைப்புக்காகத் தெருவில் இறங்கியவர்களும் அவர்களில் உண்டு. அன்று முழங்கால் நீரில் நின்றபடி மாநகராட்சியை வைதோம். வைததில் தவறில்லை. ஆனால் நீர் வடிந்தபின், தெருவோரத்தில் மழைநீர் இறங்கும் இரும்புக் கம்பிவாயில் அடைபட்டுக் கிடந்தவை யாவை? பாலிதீன் பைகள், தேநீர்க் குவளைகள், தெர்மகோல் தட்டுகள், நம் சாப்பாட்டுக் கடைகளின் வாழை இலைகள். அவற்றில் நம் கை போட்டது எதுவுமில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

நம்மில் பலர் வாய்க்கால் பாசன ஊர்களிலிருந்து வந்தவர்கள். தலைமடைக்காரன் அடைத்தால் கடைமடைக்காரன் வயல் காயும் என்பது நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய பாடமல்ல. அதற்காகவே அடிதடியும் பஞ்சாயத்தும் கண்டவர்கள் நாம். அப்படிப்பட்ட நாமே நகரத்துக்கு வந்ததும், அந்தக் கம்பிவாய்க்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம். தோழர்களே, அதற்கும் கடைமடை உண்டு. அங்கேயும் மனிதர் வாழ்கின்றனர்.

பழைய கல்கத்தாவின் நிலத்தடிச் சாக்கடை, 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கிளார்க் என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி அமைந்தது. அதில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் கிழக்கு நோக்கி ஓடும். அந்த நீரைக் கொண்டே கிழக்குச் சதுப்பு நிலத்தில் மீன் வளர்க்கிறார்கள். தாபாவில் காய்கறி பயிரிடுகிறார்கள். 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்த நிலம் 2002இல் ராம்சார் உடன்படிக்கையில் இடம்பெற்றது. வெயிலும் பாசியும் மீனும் சேர்ந்து நகரின் கழிவைச் செலவின்றித் தூய்மையாக்கும் விந்தையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர், 2018இல் மறைந்த பொறியாளர் துருபஜோதி கோஷ். ஆனால் மீனுக்கு உணவாவது மக்கும் கழிவுதான். மோட்டார்ப் பட்டறையின் கழிவு எண்ணெயும் பிளாஸ்டிக்கும் அல்ல. அங்கே போவது சந்தை வழியே நம் தட்டுக்கே திரும்பும்.

தெற்கே வேறு கதை. காளிகாட், சேத்லா, டாலிகஞ்ச் பக்கத்துக் கரையோர வடிகால்கள் பல, ஆதிகங்கையில் நேரே விழுகின்றன. 1770களில் டாலி என்ற ஆங்கிலேயர் படகு விடுவதற்காகத் தோண்டி ஆழப்படுத்திய அந்த ஆறு இன்று கருத்து நாறுகிறது. அதற்குத் தண்டனை பெற்றவர்கள் யார்? 2001இல் கரையோரக் குடிசைகள் இடிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான ஏழைகள் தெருவில் நின்றனர். ஆனால் 2009இல் கடியா வரை நீண்ட மெட்ரோ ரயிலுக்காக ஆற்றின் உள்ளேயே தூண்கள் எழுப்பப்பட்டன. ஏழையின் குடிசை ஆற்றுக்குத் தடையாம், அரசின் தூண் தடையில்லையாம்!

இன்னொரு கடைமடையும் உண்டு. அடைத்த சாக்கடையைத் திறக்க இறங்குபவன் யார்? 2021 பிப்ரவரியில் குத்காட்டில் நிலத்தடிச் சாக்கடைக்குள் இறங்கிய நான்கு தொழிலாளர்கள் பிணமாயினர். மால்டாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். 2025 ஜனவரி 29இல் உச்ச நீதிமன்றம் கொல்கத்தா உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைச் சாக்கடையில் இறக்கக் கூடாது என்றது. நான்கே நாளில் பாந்தலா தோல் வளாகத்தில் மேலும் மூவர் மாண்டனர். ஊர்விட்டு வந்து உழைக்கும் நமக்கு இவர்கள் அந்நியரா?

ஆகவே ஒரு யோசனை. கனடாவில் 1991 முதல் தொண்டர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மழைநீர் வாய்களின் அருகே மஞ்சள் மீன் ஒன்றை வரைந்து வருகிறார்கள். இங்கே போடுவது ஆற்றுக்குப் போகும் என்பதே அதன் பொருள். நாமும் செய்வோம். லாரிகளுக்கு எண் எழுதுவதுபோல் ஒரு தகட்டில் எழுத்து வெட்டினால் போதும். ஒரு டப்பா வண்ணத்தில் ஒரு தெருவை முடிக்கலாம். மாநகராட்சியின் வடிகால் பிரிவில் கேட்டறிந்து, அனுமதியும் பெற்று, ஆதிகங்கைக்குப் போகும் வாய்க்கு ஆதிகங்கை என்றும், சதுப்பு நிலத்துக்குப் போகும் வாய்க்கு மீன் என்றும் எழுத வேண்டும். பொய்க்குறி போட்டால் மதிப்பார் இல்லை. முதலில் வங்காளியில் 'ஏகானே மொய்லா ஃபேல்பேன் நா' என்றும், அடுத்து இந்தியிலும் தமிழிலும் எழுதுவோம். பக்கத்து வீட்டு வங்காளிப் பிள்ளைகளையும் பீகாரித் தோழர்களையும் சேர்த்துக்கொள்வோம். தெரு எல்லோருக்கும் பொது.

"மாநகராட்சி வேலையை நாம் ஏன் கூலியின்றிச் செய்ய வேண்டும்?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. குடிமராமத்து என்ற நல்ல வழக்கத்தையே 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாய வேலையாக்கியது ஆங்கில அரசு. அதை மறத்தலாகாது. எனவே எல்லையைத் தெளிவாக வகுத்துக்கொள்வோம். குறியிடுவது நம் வேலை. தூர் வாருவது மாநகராட்சியின் வேலை, அதுவும் இயந்திரத்தால். நம்மில் ஒருவரும் எந்தக் குழியிலும் இறங்கலாகாது. குறியிடும்போதே, அடைபட்ட வாய் எது, மூடியில்லாத குழி எது என்று நோட்டில் குறித்து, வார்டு கவுன்சிலரிடம் கையெழுத்து மனுவாகக் கொடுப்போம். வண்ணம் மட்டும் பூசிவிட்டு வந்தால் அது வேடிக்கை. மனு மட்டும் கொடுத்தால் அது குப்பைக்கூடைக்குப் போகும். இரண்டும் சேர்ந்தால்தான் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரும்.

அதற்கு முன் நம் கடைகளும் வீடுகளும் திருந்தட்டும். பொரித்த எண்ணெயைத் தெருவில் கொட்டாதீர்கள். எச்சில் இலையைக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். தலைமடையில் நிற்பவர்கள் இன்று நாம். கடைமடைக்காரன் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.