மூன்று பிரதி என்னும் பிரமை

சென்னீர்குப்பத்திலும் அதையடுத்த பூந்தமல்லி, அம்பத்தூர் வட்டாரங்களிலும் பட்டறையும் கிடங்கும் நடத்துவோர், தங்கள் கணக்குகளையும் வரைபடங்களையும் பல கணினிகளில் பகிர்ந்து சேமிக்கத் தொடங்கிய நாள்முதல், ‘மூன்று பிரதி இருக்கிறது, இனிக் கவலையில்லை’ என்ற அபிப்பிராயம் வேதவாக்காக வழங்கிவருகிறது. இந்த நம்பிக்கை பிழையானது. மாதந்தோறும் பொருளை விரயமாக்குவதும்கூட.

ஹடூப் போன்ற சேமிப்பு முறைகளில் மூன்று பிரதி என்பது இயல்பான ஏற்பாடே. ஆயினும் மென்பொருள் ‘ஹெச்ஃப்ளஷ்’ என்ற கட்டளையோடு நின்றுவிட்டால், ‘எழுதியாயிற்று’ என்று பதில் வரும் கணத்தில் அந்தத் தரவு மூன்று கணினிகளின் நினைவகத்தை எட்டியிருக்குமேயன்றி, வட்டில் பதிந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதற்கு ‘ஹெச்சிங்க்’ என்ற வேறொரு கட்டளை அவசியம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபின், மின்கம்பங்கள் சாய்ந்து புறநகரெங்கும் நாட்கணக்கில் இருள் சூழ்ந்ததை அனுபவித்த நமக்கு, ஒரே கட்டடத்தில் ஒரே யுபிஎஸ்ஸை நம்பி நிற்கும் மூன்று கணினிகளும் ஒருசேர அணைந்தால், வட்டை எட்டாத அந்த எழுத்து மூன்றிலும் ஒருங்கே அழியும் என்பதை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? ஒரே பீரோவில் மூன்று பத்திரம் பூட்டி வைத்தவனுக்கு, பீரோ எரிந்தபின் மிஞ்சுவது என்ன?

செலவையும் பார்ப்போம். மும்மடங்கு வட்டு வாங்கி, அதற்கேற்ற மின்சாரமும் குளிரூட்டமும் கொடுத்தும், மூன்று பிரதி முறை தாங்குவது இரண்டு வட்டுகளின் பழுதைத்தான். 1960-இல் ரீடும் சாலமனும் வகுத்த குறியீட்டின்படி தரவைப் பதினாறு துண்டாக்கி, நான்கு துண்டுகளைக் கூடுதலாகக் கணித்து வைத்தால், 1.25 மடங்கு இடத்திலேயே எந்த நான்கு துண்டுகள் போனாலும் முழுவதும் மீளும். போன ஒரு துண்டைச் சீராக்கப் பதினாறு துண்டுகளை வலையமைப்பு வழியே இழுக்க வேண்டுமே என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. விஜய்குமாரும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ‘கிளே’ குறியீடு, இதே அமைப்பில் அந்தப் போக்குவரத்தை 2.9 மடங்கு குறைத்துக் காட்டியது. நம் அண்டை மாநிலத்தில் விளைந்த இந்த வித்தையை நம்மவர் அறியாதிருப்பது எனக்கு மெய்யாகவே வருத்தம்.

பழைய கோப்புகளுக்கு இத்தகைய குறியீடு பொருந்தும். நொடிக்கு நொடி வரும் ரசீதுகளுக்குப் பொருந்தாது. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கே ஏறக்குறைய 8 மில்லிவினாடி ஆவதால், ரசீதுகளைத் தனித்தனியே பதியாமல், சிறிது நேரம் சேர்த்து ஒரே கட்டளையில் வட்டில் பதிந்து, அதன்பின்னரே ‘ஆயிற்று’ என்று பதில் சொல்ல வேண்டும். குறியீட்டினால் வட்டுச் செலவில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பிரதியைக் கோவைக்கோ மதுரைக்கோ அனுப்பி வைக்கலாம்.