ஃபுல் இன்சூரன்ஸ் என்று ஒன்று கிடையாது

நம்ம சேத்தியாத்தோப்பில் கார் வைத்திருப்பவரிடம் என்ன இன்சூரன்ஸ் என்று கேட்டுப் பாருங்கள். "ஃபுல் இன்சூரன்ஸ் சார்" என்பார். இல்லையென்றால், "போலீஸ் கேட்டா காட்டணும், தேர்டு பார்ட்டி போதும் சார்." முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவன் சொல்கிறேன், இரண்டுமே தப்புக் கணக்கு.

தேர்டு பார்ட்டி 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். நம் கார் மோதி அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்குத்தான் அது. நம் காருக்கு ஒரு பைசா வராது. 2011 டிசம்பர் 30, தானே புயல் நினைவிருக்கிறதா? அன்று மரம் விழுந்து நசுங்கிய காருக்குத் தேர்டு பார்ட்டியில் கிடைப்பது பூஜ்யம். புயலும் வெள்ளமும் தவறாமல் வரும் கடலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றங்கரையில் இருந்துகொண்டு புதுக் காருக்கு இது போதும் என்பதா?

சரி, காம்ப்ரிஹென்சிவ் எடுத்தாயிற்று. ஏஜென்ட் அதற்கு ஃபுல் என்று பெயர் வைத்தாரே, அங்கேதான் எனக்குக் கோபம். வெள்ளத்தில் நனைந்த சீட்டுக்கும் வயரிங்குக்கும் அதில் பணம் உண்டு. ஆனால் தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்பினால் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி உடைந்துபோகும். சாதாரண பாலிசியில் பொதுவாக அதற்குப் பணம் தருவதில்லை. இன்ஜின் புரொடெக்ஷன் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். 2015 மழையில் சென்னையில் எத்தனையோ பேர் இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். (தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கட்டி இழுத்துத்தான் ஒர்க் ஷாப் போக வேண்டும்.)

இன்னொரு கணக்கு. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களை மாற்றினால் பாதி விலைதான் தருவார்கள். ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்த்தால்தான் அந்த மீதி வரும். ஐடிவி என்பது காருக்குப் போடும் மதிப்பு. 8 லட்சம் ரூபாய் காருக்கு மூன்று வருஷம் தாண்டினால் 40 சதவீதம் கழித்து 4,80,000. முழுசாகப் போனாலும் அதற்கு மேல் கிடையாது. பிரீமியம் குறையும் என்று ஐடிவியை இன்னும் இறக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்காக எல்லாருக்கும் காம்ப்ரிஹென்சிவ் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷத்துக் கார், விற்றால் ஒரு லட்சம் தேறும், மாசம் இரண்டு தரம் வடலூர் போய்வர என்றால் தேர்டு பார்ட்டியோடு விடுங்கள். மிச்சமாகும் பணத்தை அஞ்சலகத்தில் போடுங்கள். கார் போனால் உங்களால் தாங்க முடியுமா, அதுதான் கேள்வி. கடனில் வாங்கிய கார் என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். கார் வெள்ளத்தோடு போனாலும் தவணை நிற்காது.

பாலிசி கையில் இருப்பவர்கள் இன்றைக்கே எடுத்து, இன்ஜின் புரொடெக்ஷன் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பாருங்கள்.