லோசானில் முடிந்த லீக்

இந்தியாவின் 2024-25 ஐ-லீக் கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டங்கள் ஏப்ரல் 6 அன்று முடிந்தன. சாம்பியன் யார் என்பது ஜூலை 18 அன்றுதான் உறுதியானது. அதைச் சொன்னது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம். இடையில் கோப்பை ஓர் அணியிடம் போயிருந்தது, பட்டத்துக்குரிய அணியோ வழக்காடிக்கொண்டிருந்தது. இந்த அவமானத்துக்கு முதல் பொறுப்பு அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துடையது.

விவகாரம் அப்படியொன்றும் சிக்கலானதல்ல. ஜனவரி 13 அன்று பஞ்சாபின் நாம்தாரி அணி இன்டர் காசியை 2-0 என வென்றது. நாம்தாரி இறக்கிய வீரர் ஒருவருக்கு அன்று ஆடத் தகுதி இல்லை என்று காசி புகார் செய்தது. பிப்ரவரியில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு புகாரை ஏற்று, மூன்று புள்ளிகளையும் காசிக்குக் கொடுத்தது. சில நாட்களிலேயே மேல்முறையீட்டுக் குழு அந்த முடிவுக்குத் தடை போட்டது. அதன்பின் லீக் ஓடியது, கோப்பு நகரவில்லை. கடைசி நாள் கணக்கில் சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளி, காசி 39.

அன்று ஸ்ரீநகரில் ரியல் காஷ்மீருடன் 1-1 எனச் சமன் செய்த சர்ச்சில் வீரர்களை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு புள்ளி போதுமா, வென்றே ஆக வேண்டுமா? அவர்களுக்கு மட்டுமல்ல, நாட்டில் எவருக்கும் அதற்கு விடை தெரியாது. புள்ளிப்பட்டியலை நம்பி ஆட முடியாத நிலையில் ஒரு லீக்கை அதன் இறுதி நாள் வரை கொண்டுபோய் நிறுத்தியதுதான் இந்தப் பருவத்தின் மிகப் பெரிய குற்றம். தீர்ப்பு எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி.

தீர்ப்புக் குழுக்கள் சுதந்திரமானவை, அவற்றை அவசரப்படுத்த முடியாது என்று சம்மேளனத்துக்காக வாதாடலாம். சுதந்திரம் வேண்டியதுதான். ஆனால் போட்டி அட்டவணையைப் போட்டவர்கள் யார்? ஓர் ஆட்டத்தின் மீதான புகாருக்குப் பன்னிரண்டு வாரம் போதாது என்றால், அது நீதியின் நிதானம் அல்ல, அலட்சியம்.

அலட்சியத்தையாவது மன்னிக்கலாம். அடுத்து நடந்ததை மன்னிப்பதற்கில்லை. மேல்முறையீட்டுக் குழு நாம்தாரி பக்கம் தீர்ப்பளிக்க, சர்ச்சில் சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டது. காசி லோசானுக்குப் போனது. பரிசளிப்பு விழாவை நடத்தக் கூடாது என்று நடுவர் மன்றம் ஏப்ரல் 27 அன்று ஆணையிட்டது. அதே நாளில் கோவாவில் கோப்பை கைமாறியது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது விழாவுக்கு அத்தனை அவசரம் எதற்கு? 2009லும் 2013லும் முறையாக இதே பட்டத்தை வென்ற பெருமை சர்ச்சிலுக்கு உண்டு. அந்த வீரர்களின் கழுத்தில், நிலைக்காத ஒரு பதக்கத்தை மாட்டிவிட்டதை என்னவென்று சொல்வது! காசிக்கு இழைத்ததற்குச் சற்றும் குறையாத அநீதி அது.

காசி ஒன்றும் மாசற்ற பொன் அல்ல. அதன் வெளிநாட்டு வீரர் ஒருவரின் மறுபதிவு குறித்து எதிரணிகள் புகார் கொடுத்திருந்தன. உள்நாட்டில் அந்தப் புகார்கள் எடுபடவும் செய்தன. கடைசியில் நடுவர் மன்றத்தில் காசியே வென்றது, 42 புள்ளிகளோடு. வாரணாசியின் பெயரைச் சுமந்துகொண்டு மேற்கு வங்கத்தின் கல்யாணியில் சொந்த ஆட்டங்களை ஆடிய அணி, தன் வெற்றியை ஐரோப்பாவில் போய் வாங்கி வர நேர்ந்தது.

இந்த மூன்று புள்ளிக்கு ஏன் இத்தனை போராட்டம் என்பது தமிழக ரசிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி சென்னை சிட்டி அணி ஐ-லீக்கை வென்றது. அப்போது ஐ-லீக் சாம்பியனுக்கு இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) இடம் கிடையாது. இன்று அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. 2022-23 பருவத்தில்தான் ஐஎஸ்எல்லுக்கான கதவு திறந்தது. முதலில் பஞ்சாப், அடுத்து முகமதன் ஸ்போர்ட்டிங் உள்ளே போயின. ஒரு பட்டம் என்பது ஒரு கிளப்பின் பிழைப்பு என்றான பிறகும், அதைப் பழைய மெத்தனத்தோடே கையாண்டிருக்கிறார்கள்.

காசிக்குப் பட்டம் உறுதியானபோது, அது ஆட உரிமை பெற்ற ஐஎஸ்எல் எங்கே இருந்தது? சம்மேளனத்துடனான 15 ஆண்டு வணிக ஒப்பந்தத்தின் புதுப்பிப்பு முடிவாகாததால், புதிய பருவத்தை நிறுத்திவைப்பதாக ஐஎஸ்எல் நடத்துநர்கள் ஒரு வாரம் முன்பே, ஜூலை 11 அன்று, கடிதம் எழுதிவிட்டார்கள்.

சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே ஒரு காலத்தில் கோல்கீப்பர். பந்து கோட்டைக் கடந்த பிறகு பாய்வதால் பயனில்லை என்று அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். ஏப்ரல் 27 விழாவுக்கு ஒப்புதல் தந்தவர் யார் என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சர்ச்சில், காசி இரு அணி வீரர்களிடமும் சம்மேளனம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். புள்ளிகள் தொடர்பான எந்தப் புகாரும், மேல்முறையீடு உட்பட, 30 நாட்களுக்குள் முடிய வேண்டும் என்ற விதி, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட வேண்டும்.